அம்பயர் காதில் பஞ்சு

அத்தியாயம் ஒன்பது

"அஞ்சு நாள் ஆடியும் யாரும் ஜெயிக்கலைன்னா, எதுக்குத்தான் ஆடறாங்க?" என்று போன வாரம் மருமகள் வாயைத் திறந்து கேட்டுத் தொலைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். மாமனார் டீயைப் பாதியில் வைத்தார். புருஷன் தலையில் கை வைத்தான். மாமியார் மட்டும், "பாவம், புதுசுதானே, போகப் போகச் சரியாயிடும்" என்று, ஏதோ காய்ச்சலைப் பற்றிச் சொல்வது போல் சொன்னாள்.

படிக்காமல் விட்டவர்களுக்கும் பாதகமில்லை. இது கிரிக்கெட் வீடு என்பது தெரிந்தால் போதும்.

மாமனார் பஸ் ஓட்டி ரிடையரானவர். ஆனால் அவரை யாரும் டிரைவர் என்று கூப்பிடுவதில்லை. தெருவே அவரை 'அம்பயர்' என்றுதான் கூப்பிடும். மேலத் தெருவுக்கும் கீழத் தெருவுக்கும் வருஷா வருஷம் நடக்கிற ஃபைனலில் வெள்ளைக் கோட்டு மாட்டி நிற்பவர் அவர்தான். பெற்ற மகனையே முதல் பந்தில் அவுட் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அவனுக்கே டீ போட்டுக் கொடுத்த மகானுபாவர். அவர் விரலைத் தூக்கினால் தூக்கினதுதான். மறுபேச்சு கிடையாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷத்து ஃபைனல். கோட்டு துவைத்துக் காய்ந்து, மருமகள் கையால் இஸ்திரி போடுவதற்காக நாற்காலியில் கிடந்தது.

மருமகளுக்கு அன்றைக்கு வார விடுமுறை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கண் பார்க்கிற வேலை அவளுக்கு. வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடி, சுவரில் தெரிகிற எழுத்துகளை வாசிக்கச் சொல்லி, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டு, "இப்போ நல்லாத் தெரியுதா, முன்னாடி நல்லாத் தெரிஞ்சுதா?" என்று நாள் முழுக்கக் கேட்பவள். கல்யாணமாகி வந்த புதிதில், வீட்டில் எல்லாருக்கும் ஒரு தடவை பார்த்துவிடலாமே என்று ஆசையாகச் சொன்னாள். மாமனார் எடுத்த எடுப்பிலேயே, "வருஷா வருஷம் லைசென்ஸுக்குக் கண் டெஸ்ட் பாஸ் பண்ணினவன்மா நான். என் கண்ணுக்கு என்ன கேடு?" என்று கத்தரித்துவிட்டார். அதோடு அவள் விட்டுவிட்டாள்.

காலையிலேயே சோபாவில் சண்டை ஆரம்பித்தாயிற்று.

கடைசி டெஸ்ட், கடைசி நாள். தொடரில் நம் அணி ஒரு ஆட்டம் முன்னே இருந்தது. இன்றைக்கு ஆல் அவுட் ஆகாமல் சாயங்காலம் வரை தாக்குப் பிடித்துவிட்டால் கோப்பை நமக்கு. பிடிக்காவிட்டால், அவ்வளவு தூரம் வந்து கோட்டை விட்ட கதைதான். நேற்று ஐந்து விக்கெட் போய்விட்டது. களத்தில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார்.

பெரியவர் என்றால் நம் அணியிலேயே வயசில் மூத்த பேட்ஸ்மேன். அந்த வீட்டில் ஆட்டக்காரர் எவருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எதிரணியின் வேகப் பந்துக்காரன் நெட்டையன். ஓயாமல் பேசுகிற அவர்களுடைய விக்கெட் கீப்பர் வாயாடி. நம் ஆட்களில் கடைசியாக மட்டை பிடிக்கிற பொடியன் கடைக்குட்டி.

"இந்தத் தொடரோட பெரியவரை வீட்டுக்கு அனுப்பிடணும்பா," என்றான் மகன். லிஃப்ட் மெக்கானிக். சீருடையை மாட்டிக்கொண்டு, ஆனால் வேலைக்குக் கிளம்ப மனசில்லாமல் நின்றுகொண்டிருந்தான். "நாலு டெஸ்ட்ல உருப்படியா ஒரு அம்பது அடிச்சாரா? நெட்டையன் போடற பந்து அவருக்குத் தெரியவே மாட்டேங்குது. கண்ணு போச்சு அவருக்கு."

"கண்ணு போச்சுன்னு எவன்டா சொன்னான்?" மாமனார் குரல் சமையலறை வரை கேட்டது. "எவன் சொன்னான்? நீ பார்த்தியா? அனுபவம்டா அது. கண்ணு இல்லைன்னாலும் கை ஆடும்!"

"அதெப்படிப்பா கண்ணு இல்லாம..."

"வேலைக்குக் கிளம்பு நீ!"

இத்தனை கோபம் எதற்கு என்று மருமகளுக்கு விளங்கவில்லை. அவருக்குப் பிடித்த ஆட்டக்காரர், அதனால்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மாமியார் கைப்பையோடு வந்தாள். மருந்துக் கடையில் வேலை. கையில் சொட்டு மருந்துப் புட்டி. தொடர் ஆரம்பித்த நாளிலிருந்து அம்பயருக்கு வலது காதில் வலி. வலது காதில் ஒரு கத்தை பஞ்சு, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், மேலே ஸ்வெட்டர். வெயில் கொளுத்தினாலும் மஃப்ளரை எடுக்க மாட்டார். காற்றுப் பட்டால் வலிக்கிறதாம்.

"காட்டுங்க காதை."

அவர் தலையைச் சாய்த்தார்.

"இது இடது காது. வலிக்கறது வலது காதுன்னு சொன்னீங்க?"

"அது... இதுக்கும் பரவுதும்மா," என்றார் அம்பயர், அசடு வழிய.

"நீங்களும் உங்க காதும்!" என்று இரண்டு சொட்டு விட்டுவிட்டு அவள் செருப்பை மாட்டினாள். "மருமகளே, இவர் டாக்டர்கிட்ட வர மாட்டேங்கறார். நீயாவது சொல்லிப் பாரு."

மகன் மட்டும் போகவில்லை. நெட்டையன் ஓடி வருவதற்குத் திரும்பி நடந்துகொண்டிருந்தான் டிவியில். பந்து போட இன்னும் நேரம் இருந்தது. அம்பயர் திடீரென்று தொடையில் அடித்துக்கொண்டார்.

"போச்சு! ஸ்டம்ப் எகிறிடுச்சு!"

மகன் டிவியைப் பார்த்தான். நெட்டையன் திரும்பினான், ஓடி வந்தான், போட்டான். பெரியவரோடு ஆடிக்கொண்டிருந்தவரின் நடு ஸ்டம்ப் பல்டி அடித்தது.

"பார்த்தியா?" மகன் மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினான். "பந்து போடறதுக்கு முன்னாடியே சொல்லிட்டார்! இந்தத் தொடர் பூரா இப்படித்தான். அப்பாவுக்கு ஞானக்கண்!"

ஞானக்கண்காரர் பஞ்சைச் சரி செய்துகொண்டு, எங்கோ சுவரைப் பார்த்தார்.

அதற்குள் மகனுக்கு ஃபோன். ஏதோ அடுக்குமாடியில் லிஃப்ட் இரண்டு தளத்துக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஆட்கள். அவன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். "ஏய், ஸ்கோர் சொல்லு. உள்ள மாட்டினவங்க கதவை அப்புறம் திறக்கலாம், முதல்ல ஸ்கோர் கேட்டுச் சொல்லுங்கன்னு உயிரை எடுக்கறாங்க."

மருமகள் டிவியின் மூலையில் தெரிந்த எண்ணைப் படித்துச் சொன்னாள்.

மத்தியானத்துக்கு மேல் விக்கெட்டுகள் ஒன்றொன்றாக விழுந்தன. பெரியவர் மட்டும் அசையவில்லை. தேநீர் இடைவேளை முடிந்து ஆட்டம் தொடர்ந்தபோது எட்டு விக்கெட் போயிருந்தது. மருமகள் கூடத்திலேயே மேஜை போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கினாள். அம்பயர் சோபாவில். டிவி சத்தமில்லாமல் ஓடியது. 'கமெண்ட்ரிக்காரனுங்க தொணதொணன்னு உயிரை வாங்கறானுங்க, காது வேற வலிக்குது' என்று அதை ஊமையாக்கி வைத்திருப்பதும் அவர் ஏற்பாடுதான்.

கோட்டின் காலரை மடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, மாமனார் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுச் சட்டைப் பையை எதற்கோ தட்டுவதைப் பார்த்தாள். இரண்டு தட்டு. அப்புறம் எதையோ திருகினார். அப்புறம் காதுப் பஞ்சை அழுத்தினார். முகம் வெளுத்திருந்தது.

"வலிக்குதா மாமா?"

"இல்லம்மா, இல்லம்மா. ஒண்ணுமில்ல. ஆட்டத்தைப் பாரு."

அவளும் பார்த்தாள். நெட்டையன் போட்ட பந்து பெரியவரின் மட்டையை உரசியும் உரசாமலும் தாண்டிப் போய் வாயாடி கையில் சேர்ந்தது. எல்லாரும் கத்தினார்கள். டிவியில் அம்பயர் அசையவில்லை. ஆனால் பெரியவர் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து, தன் பாட்டுக்கு நடக்க ஆரம்பித்தார்.

மருமகள் மாமனாரைத் திரும்பிப் பார்த்தாள். தொடையில் அடித்துக்கொள்வார், ஐயோ என்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் பேசாமல் டிவியை வெறித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போன பெரியவருக்குப் பதில் கடைக்குட்டி குடுகுடுவென்று இறங்கி வந்தான். குள்ளமான பையன். ஹெல்மெட் தலையைவிடப் பெரிசாக இருந்தது. மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நின்றான்.

"பார்த்தியாம்மா," என்றார் மாமனார், சுரத்தே இல்லாமல். "பெரியவர் நிக்கற அழகைப் பாரு. கல்லு மாதிரி. அவர் இருக்கற வரைக்கும் நமக்குக் கவலையில்ல."

இஸ்திரிப் பெட்டி அவள் கையில் அப்படியே நின்றது.

ஒரு கணத்தில் எல்லாம் அவளுக்கு வரிசையாக விளங்கிவிட்டது. மாமனார் டம்ளர் விளிம்பு வழிய ஊற்றின டீ. "உன் குரல் நல்லாருக்கும்மா" என்று அவளைப் பேப்பர் வாசிக்கச் சொன்னது. பந்துக்கு முன்னாலேயே வந்த ஞானம். மஃப்ளருக்குக் கீழே தெரிந்த ஒரு கறுப்பு ஒயர் நுனி. ரேடியோ! டிவிக்குக் கொஞ்சம் முந்தியே சேதி சொல்லிவிடுகிற ரேடியோ. பேட்டரி தீர்ந்துபோன ரேடியோ.

ஊரார் கண்ணை எல்லாம் டார்ச் அடித்துப் பார்க்கிறோம், கூடவே இருக்கிற கண்ணைப் பார்க்கத் தெரியவில்லையே என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"அம்மா," மாமனார் குரல் மெதுவாக வந்தது. "ஜன்னல் வெளிச்சம் டிவில அடிக்குது. ஸ்கோர் என்ன போட்டிருக்கான்?"

ஜன்னல் திரை காலையிலிருந்தே மூடித்தான் இருந்தது.

அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். கோட்டை நாற்காலியில் போட்டாள். சோபாவில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒன்பது விக்கெட் மாமா. பெரியவர் அவுட்டாயிட்டார்."

அவர் உடம்பு அசையவில்லை.

"அம்பயர் கையைத் தூக்கவே இல்ல மாமா. அவுட்டுன்னு அவரேதான் ஒத்துக்கிட்டு நடந்துட்டார். எதிர் டீம்காரங்க ஓடி வந்து கை கொடுத்தாங்க. வாயாடிகூட வாயை மூடிக்கிட்டு முதுகுல தட்டினார்."

"தானா நடந்தாரா?"

"தானா."

அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் அதைப் பற்றிப் பேச இது நேரமா? டிவியில் இன்னும் நாலு ஓவர் பாக்கி இருந்தது.

"சொல்லும்மா," என்றார். "என்ன நடக்குது?"

கிரிக்கெட்டில் அ, ஆ தெரியாதவள் கமெண்ட்ரி சொல்ல ஆரம்பித்தாள்.

"நெட்டையன் ஓடி வர்றார்... போட்டுட்டார். கடைக்குட்டி கண்ணை மூடிக்கிட்டு மட்டையை நீட்டினான். பட்டு அங்கேயே விழுந்துடுச்சு."

"நல்லது! ஃபீல்டிங் எப்படி நிக்குது?"

"ஒருத்தர் ஹெல்மெட் போட்டுக்கிட்டு ரொம்பக் கிட்டக்க குனிஞ்சு நிக்கறார் மாமா. பிச்சை கேக்கற மாதிரி கையை ஏந்திக்கிட்டு."

"சில்லி பாயிண்ட்! பின்னாடி எத்தனை பேர்?"

"வாயாடி பக்கத்துல வரிசையா நாலு பேர். ரேஷன் வாங்க நிக்கற மாதிரி."

"நாலு ஸ்லிப்பா! கொன்னுடுவான் பாவி. அப்புறம்?"

அவள் சொன்னாள். அவர் கேட்டார். அவள் தப்பாகச் சொன்னதை அவர் சரியாகப் புரிந்துகொண்டார். "கால்ல பட்டுருச்சு, எல்லாரும் கத்தறாங்க" என்றால், "எந்தக் கால்? முன்னங்காலா, பின்னங்காலா? குச்சிக்கு நேரா இருந்துதா?" என்று துருவினார். அவளும் எழுந்து போய் டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று பார்த்துச் சொன்னாள்.

மகன் ஃபோன் அடித்தான். அவள் எடுக்கவில்லை. லிஃப்டில் இருப்பவர்கள் இருக்கட்டும்.

கடைசி ஓவர்.

"மட்டையில பட்டுருச்சு மாமா! மேல போகுது... வாயாடி பாயறார்... கைக்குள்ள... ஐயோ!"

"என்னம்மா? என்ன? சொல்லித் தொலையேன்!"

"விட்டுட்டார்! கீழ போட்டுட்டார்!"

"விட்டானா! வாயாடி விட்டானா!" அம்பயர் சோபாவிலிருந்து எழுந்தே விட்டார். மஃப்ளர் கழன்று விழுந்தது. காதுப் பஞ்சும் ஒயரும் தோளில் தொங்கின. அவர் கவனிக்கவில்லை.

கடைசிப் பந்து. கடைக்குட்டி மட்டையைத் தூக்கி, பந்தைத் தொடாமலே விட்டான். அது ஸ்டம்பை உரசாமல் போய்ச் சேர்ந்தது.

"முடிஞ்சுது மாமா. எல்லாரும் கை குலுக்கறாங்க. கடைக்குட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "யாரும் ஜெயிக்கல மாமா!"

"யாரும் ஜெயிக்கலையா? அடி என் தங்கமே, கோப்பை நம்முதுடி!"

இரண்டு பேரும் சிரித்தார்கள். எதற்காக ஆடுகிறார்கள் என்று அவள் இனிமேல் கேட்க மாட்டாள். இப்படி ஒரு சந்தோஷத்தை அவள் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அனுபவித்ததில்லை.

சிரிப்பு அடங்கியபின் அவள் கேட்டாள். "எப்பலேர்ந்து மாமா?"

அவர் ஒயரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே லேசா ஆரம்பிச்சுதும்மா. இந்தத் தொடர் வந்தப்போ ரொம்பவே மோசம். டிவியைப் பார்த்தா பச்சைப் பாயில பால் சிந்தின மாதிரி தெரியுது. அவ்வளவுதான்." நிறுத்தினார். "இன்னொண்ணு சொல்றேன், சிரிக்காதே. உன் முகம்கூட எனக்குச் சரியாத் தெரியாது. குரல்தான் தெரியும்."

அவள் சிரிக்கவில்லை.

"கண்புரையா இருக்கும்னு நினைக்கறேன் மாமா. டாக்டர் பார்த்தாத்தான் நிச்சயம். புரைன்னா பயப்பட ஒண்ணுமில்ல, சின்ன ஆபரேஷன். எங்க கடைக்கு எத்தனை பேர் பண்ணிக்கிட்டு வர்றாங்க தெரியுமா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கோட்டைக் கழட்டச் சொல்லுவாங்கம்மா." "பஸ்ஸை விட்டேன். ஸ்டியரிங்கை விட்டேன். அம்பயர்ங்கற பேர் ஒண்ணுதான் பாக்கி. ஞாயித்துக்கிழமை ஒரு நாள். அது மட்டும் முடியட்டும். அதுக்கப்புறம் நீ எங்க கூப்பிட்டாலும் வர்றேன். அது வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

மருமகள் நாற்காலியில் கிடந்த கோட்டைப் பார்த்தாள். சரி என்று சொல்லிவிட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் ஞாயிற்றுக்கிழமை, தெரியாத பந்துக்கு அவர் விரலைத் தூக்குவார். இத்தனை வருஷம் அந்த விரலை நம்பினவர்கள் நம்பிக்கொண்டு வெளியேறுவார்கள்.

"நான் சொல்ல மாட்டேன் மாமா," என்றாள் கடைசியில். "ஆனா கால்ல பட்டுச்சுன்னு நீங்க எல்பிடபிள்யூ கொடுத்தா, உங்களுக்கே அது அவுட்தானான்னு தெரியாது. அது உங்களுக்குத் தாங்குமா?"

அவர் பஞ்சை உருட்டிக்கொண்டே இருந்தார்.

கதவு திறந்தது. மாமியாரும் மகனும் வாசலிலேயே சேர்ந்து வந்தார்கள். மகன் வரும்போதே கத்திக்கொண்டு வந்தான். "கோப்பை நம்முதுப்பா! லிஃப்டுக்குள்ள ஒரே ஆட்டம், திரும்ப நின்னுடுமோன்னு பயந்துட்டேன்! ஆனா பெரியவரைப் பார்த்தீங்களா? இனிமேலும் அவரை டீம்ல..."

"நடந்தார்டா," என்றார் அம்பயர். "யாரும் சொல்றதுக்கு முன்னாடி, தானா நடந்தார்."

"அதென்ன ஒயர்?" மாமியாரின் கண் கூர்மையானது. "காதுல என்ன அது?"

அம்பயர் எழுந்து நின்றார்.

"காது நல்லாத்தான் இருக்கு," என்றார். "கண்ணுதான் தெரியல. இந்தத் தொடர் பூரா ரேடியோலதான் கேட்டேன். ஞாயித்துக்கிழமை நான் நிக்கல. நானே நடந்துடறேன்."

மகனின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது. ஞானக்கண் போன வழி தெரியவில்லை அவனுக்கு.

"அப்போ நான் தினமும் விட்ட சொட்டு மருந்து?" என்றாள் மாமியார்.

"சில்லுனு நல்லாத்தான் இருந்துது."

"மனுஷனா நீங்க!" அவள் கைப்பையை வீசிவிட்டு வந்து அவர் முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். திட்டுவதற்காக வாயைத் திறந்தவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்கிட்டக்கூடவா சொல்லக்கூடாது? ராத்திரி தடுக்கி விழுந்திருந்தா?"

"தப்புதான்," என்றார் அம்பயர். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அந்த வீடு கேட்டதில்லை.

மகன் அப்பாவின் தோளில் கை வைத்தான். "சரிப்பா. நாளைக்கே டாக்டர்கிட்ட போவோம். ஆனா ஃபைனலுக்கு யாரு நிக்கறது? கீழத் தெருக்காரங்க உங்களைத் தவிர யாரையும் ஒத்துக்க மாட்டாங்களே?"

"அதுக்கு ஆள் பார்த்தாச்சு."

அம்பயர் தடவிக்கொண்டே போய் நாற்காலியிலிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்தார். காலர் மட்டும் மடிப்புக் கலையாமல் இருந்தது. நேராக மருமகளிடம் நீட்டினார்.

"நானா?" அவள் பின்வாங்கினாள். "மாமா, எனக்கு எல்பிடபிள்யூன்னா என்னன்னே சரியாத் தெரியாது!"

"முன்னங்கால், பின்னங்கால் எல்லாம் ஒழுங்காப் பார்த்துச் சொன்னியே. பொய் கலக்காம சொன்னே. மீதியை நான் உக்காந்து சொல்லித் தர்றேன். வெள்ளைக் கோட்டு உனக்குப் புதுசா என்ன? கடையில தினம் போடறதுதானே?"

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மகன் மட்டும் சிரிக்கவில்லை. மேலத் தெரு அணியின் கேப்டன் அவன்தான் என்பதை நான் சொல்ல மறந்துவிட்டேன்.

"இரு இரு," என்றான். "முதல் பந்துல நான் அவுட்டானா?"

"தூக்க வேண்டியதுதான்," என்றார் அம்பயர். "நான் தூக்கலையா?"

மருமகள் கோட்டை மாட்டிக்கொண்டாள். தொளதொளவென்று இருந்தது. கை உள்ளே எங்கோ தொலைந்துபோனது. அவள் புருஷனைப் பார்த்தாள். அவன் கெஞ்சலாகத் தலையை ஆட்டினான்.

நீளமான அந்தக் கையிலிருந்து ஒரு விரல் மட்டும் மெல்ல வெளியே வந்து, கூரையைக் காட்டி நின்றது.